மலிவான பஞ்சா, தரமான பஞ்சா?



இலக்கணம், வாசிப்பு, தேர்வுத் தாள் என்றே எழுதி வருகின்ற இப்பக்கத்தில் இன்று ஓர் இரும்புக் கருவியைப் பற்றி எழுதுகின்றேன். அதன் பெயர் பஞ்ச். பெயரைக் கேட்டால் பஞ்சு நினைவுக்கு வரும். ஆனால், பஞ்சின் மென்மைக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. விரல் பருமனில், ஒரு சாண் நீளத்தை எட்டாத எஃகுத் துண்டு அது. ஒரு முனையை வேலைப் பொருளின் மேல் நிறுத்தி, மறு முனையைச் சுத்தியலால் அடிப்பார்கள். வாகனப் பட்டறையிலும் ஆலையிலும் இஃது இல்லாமல் வேலை நடவாது.

"ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிள்ளைகளுக்கு நாம் எத்தகைய கருவிகளை வாங்கிக் கொடுக்கின்றோம் என்பதும் கல்வியைச் சேர்ந்த செய்தியே என்பது என் எண்ணம். அதற்கு இந்தப் பஞ்சைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

வினா எழுந்த விதம்

என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் மூன்றாம் படிவத்தை முடித்துவிட்டுத் தொழிற்கல்லூரியில் வாகனத் தொழில்நுட்பம் படிக்க இடம் பெற்றான். அவனுடைய தந்தை செம்பனைக் குலை ஏற்றும் லாரியின் ஓட்டுநர். கல்லூரிப் பட்டறையில் கருவிகள் உண்டு. ஆயினும், விடுமுறை நாள்களில் தெரிந்தவரின் பட்டறையில் பழகுவதற்காக மகனுக்குச் சொந்தமாகச் சில கருவிகள் வாங்கித் தர வேண்டும் என்று அவர் விரும்பினார். ஸ்பேனர், திருப்புளி போன்றவற்றை வாங்கிவிட்டார். பஞ்சில் வந்து நின்றுவிட்டார்.

தம் கைப்பேசியில் இரண்டு படங்களைக் காட்டினார். இரண்டிலும் ஆறு பஞ்சுகள், துணி உறைக்குள் வரிசையாக இருந்தன. ஒன்றின் விலை 19 ரிங்கிட். மற்றொன்றின் விலை 160 ரிங்கிட்.

"ஐயா, பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றாகத்தானே இருக்கின்றன? அடி வாங்கப் போகிற இரும்புக்கு எதற்கு இவ்வளவு விலை?" என்று கேட்டார்.

அவர் கேட்டது வேடிக்கைக் கேள்வியன்று. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் மாதத்திற்கு 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. 26 வேலை நாள்களால் வகுத்துப் பார்த்தால் ஒரு நாளுக்கு 65 ரிங்கிட்டை ஒட்டி வரும். அந்தக் கணக்கில் 160 ரிங்கிட் என்பது இரண்டரை நாள் உழைப்பு. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரண்டரை நாள் உழைப்பை ஆறு இரும்புத் துண்டுகளுக்குக் கொடுப்பதற்கு முன் எந்தத் தந்தையும் யோசிக்கத்தான் செய்வார்.

என்னிடம் ஏன் கேட்டார்? காரணம் உண்டு. என் தந்தையார் கோலா லங்காட் வட்டாரத்தில் ஒரு செம்பனை ஆலையில் பிட்டராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போகும் வரை பள்ளி விடுமுறைகளில் அவருக்குச் சாப்பாடு கொண்டு போனவன். சாப்பிட்டு முடிக்கும் வரை அவருடைய கருவிகளை எடுத்துத் துடைத்து வைத்தவன். வட்டாரத்தில் பழையவர்கள் பலர் என்னை இன்றும் 'பிட்டர் மகன்' என்றே அழைப்பார்கள்.

பஞ்சில் இத்தனை வகையா?

விலையைப் பேசுவதற்கு முன் வகையைப் பேச வேண்டும். எல்லாப் பஞ்சுக்கும் ஒரே வேலை அன்று.

1. சென்டர் பஞ்ச். தேசிய மொழியில் 'பெனெபோக் பூசாட்' என்பர். கூம்பு முனை உடையது. முனைக் கோணம் பெரும்பாலும் 90 பாகை. துளையிட வேண்டிய இடத்தில் ஒரு சிறு குழி ஏற்படுத்துவது இதன் வேலை. அந்தக் குழி இல்லாவிடில், சுழலும் டிரில் பிட் இரும்பின் மேல் வழுக்கி ஓடும். இதைவிடக் கூர்மையான பிரிக் பஞ்ச் என்பதும் உண்டு. கோடு கிழித்த இடத்தில் முதலில் அதனால் மெல்லப் புள்ளி வைத்து, புள்ளி சரியான இடத்தில் விழுந்ததா என்று பார்த்த பிறகே சென்டர் பஞ்சால் ஓங்கி அடிப்பார்கள்.

2. டேப்பர் பஞ்ச். அடி பருத்து, முனை நோக்கிச் சிறுத்துச் செல்லும். இறுகிப்போன பின்னுக்கு முதல் அடி கொடுத்து அசைப்பதற்கு இதுவே ஏற்றது. உடல் பருமனாக இருப்பதால் வளையாது.

3. பின் பஞ்ச். முனைப்பகுதி முழுவதும் ஒரே பருமன். டேப்பர் பஞ்ச் அசைத்துவிட்ட பின்னைத் துளை வழியாக முழுவதும் தள்ளி வெளியேற்றுவதற்கு உரியது. 2, 3, 4, 5, 6, 8 மில்லிமீட்டர் எனப் பல அளவுகளில் வரும். துளைக்குள் உரசாமல் போவதற்காகப் பின்னைவிட நூலளவு மெலிந்த பஞ்சைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

4. ரோல் பின் பஞ்ச். உள்ளே குழலாக இருக்கும் சுருள் பின்களுக்கு உரியது. முனையின் நடுவே சிறு குமிழ் இருக்கும். அக்குமிழ் குழலுக்குள் அமர்ந்துகொள்வதால் பஞ்ச் வழுக்குவதில்லை. பின்னின் வாயும் நசுங்குவதில்லை.

5. நேர்ப்படுத்தும் பஞ்ச். நீளமானது, இரண்டு தகடுகளின் துளைகளை ஒன்றன் மேல் ஒன்றாகக் கொண்டுவந்து, போல்ட்டு நுழைய வழி செய்வது.

அந்த ஓட்டுநருக்கு நான் சொன்ன எடுத்துக்காட்டு அவருடைய லாரியிலிருந்தே எடுத்தது. லாரியின் புரொப்பெல்லர் ஷாப்டைக் கழற்றுவதற்கு முன், இணையும் இரண்டு விளிம்புகளிலும் பஞ்சால் ஒரே நேர்க்கோட்டில் புள்ளி வைப்பார்கள். மீண்டும் பூட்டும்போது புள்ளியோடு புள்ளி சேர வேண்டும். இல்லையேல், சமநிலை மாறி வண்டி அதிரக்கூடும். "ஆமாம் ஐயா, பார்த்திருக்கிறேன், அந்தப் புள்ளிக்குப் பின்னால் இப்படியொரு காரணம் இருக்கிறதா?" என்றார்.

பணம் எதற்குப் போகின்றது?

பளபளப்புக்கு அன்று. உறைக்கும் அன்று. நல்ல பஞ்சுக்கு நாம் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பெரும்பகுதி இரண்டு செய்திகளுக்குப் போகின்றது. ஒன்று, எஃகின் இயல்பு. மற்றொன்று, அதற்குச் செய்யப்பட்ட வெப்பப் பக்குவம்.

பஞ்ச் ஒரு விந்தையான கருவி. அதன் இரு முனைகளுக்கும் எதிரெதிரான குணம் வேண்டும். வேலை செய்யும் முனை கடினமாக இருக்க வேண்டும். இல்லையேல் இரும்பில் குழி விழுவதற்குப் பதிலாக முனையே மழுங்கும். சுத்தியல் அடி வாங்கும் தலையோ சற்று மென்மையாக இருக்க வேண்டும். அதுவும் கடினமாக இருந்தால், கடினமான சுத்தியல் முகத்தோடு மோதும்போது சில்லு தெறிக்கும். நடு உடல் இரண்டுக்கும் இடைப்பட்ட உறுதியோடு அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். ஒரே எஃகுத் துண்டில் மூன்று குணம்!

இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. என் தந்தையார் பஞ்ச் செய்வதைப் பார்த்து அறிந்தேன். ஆலையில் தேவைப்பட்ட அளவில் பஞ்ச் கிடைக்காதபோது, உடைந்த லாரிச் சுருள்வில்லின் துண்டை நிமிர்த்தி அவரே செய்துகொள்வார். முனையை உலையில் சிவக்கக் காய்ச்சுவார். கயிற்றில் கட்டிய ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோவார். எஃகு ஏறக்குறைய 770 பாகை செல்சியசைத் தாண்டும்போது காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழந்துவிடும். காந்தம் ஒட்டாத நிலையிலிருந்து இன்னும் சற்றுக் காய்ச்சி, முனையை மட்டும் ஓர் அங்குலம் எண்ணெயில் அமிழ்த்துவார். எண்ணெய்க்குப் பஞ்சமில்லை, செம்பனை ஆலையல்லவா!

அப்போது முனை கண்ணாடி போல் கடினமாகிவிடும். கண்ணாடி போல் உடையவும் செய்யும். ஆகவே, முனையை மணல்தாளில் தேய்த்து வெளுப்பாக்கி, பின்பகுதியிலிருந்து மெல்லச் சூடேற்றுவார். வெளுத்த எஃகின் மேல் நிறங்கள் ஊர்ந்து வரும். முதலில் வைக்கோல் மஞ்சள், அடுத்துப் பழுப்பு, அடுத்து ஊதா, அதற்கும் அடுத்து நீலம். முனையில் ஊதா தலைகாட்டும் நொடியில் மீண்டும் எண்ணெயில் அமிழ்த்துவார். ஏறக்குறைய 270, 280 பாகை செல்சியசில் அந்த நிறம் தோன்றும். கொஞ்சம் முந்தினால் முனை உடையும். கொஞ்சம் பிந்தினால் முனை மழுங்கும். தலைப் பக்கத்தை அவர் கடினமாக்குவதே இல்லை.

நல்ல நிறுவனங்கள் இதே வேலையை அளந்து, சோதித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே சீராகச் செய்கின்றன. குரோம் வனேடியம் போன்ற கலப்பு எஃகைப் பயன்படுத்துகின்றன. ஜெர்மானியத் தரவரையறையில் சென்டர் பஞ்சுக்கு டிஐஎன் 7250 என்றும், பின் பஞ்சுக்கு டிஐஎன் 6450 என்றும் தனித்தனி எண்களே உண்டு. மிக மலிவான பஞ்சில் இந்தப் பக்குவம் ஒரு துண்டுக்கு அமைந்திருக்கும். அடுத்த துண்டுக்கு அமைந்திருக்காது. படத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றே. அடித்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

எங்கே ஏமாற்றும்? எங்கே போதும்?

விலை உயர்ந்தது எல்லாம் நல்லது, மலிவானது எல்லாம் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது விளம்பரம் ஆகிவிடும். வேலையைப் பொறுத்தே விடை மாறும்.

மலிவான பஞ்ச் போதுமான இடங்கள் சில உண்டு. பலகை, மெல்லிய அலுமினியத் தகடு போன்ற மென்பொருள்களில் புள்ளி வைக்க எந்தப் பஞ்சும் போதும். பள்ளியில் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடத்தில் பலகைத் துண்டில் துளையிடுமுன் கூரான ஓர் ஆணியால் புள்ளி வைக்கச் சொன்னாலே காரியம் முடிந்துவிடும். துளைகளை நேர்ப்படுத்தும் பஞ்சும் அவ்வளவாகச் சுத்தியல் அடி வாங்காது. அதிலும் மிச்சம் பிடிக்கலாம்.

ஏமாற்றும் இடங்கள் மூன்று.

முதலாவது, சென்டர் பஞ்சின் முனை. இரும்பின் மேல் பத்துப் புள்ளி வைப்பதற்குள் மழுங்கிவிட்டால், குழி ஆழமாக விழாமல் அகலமாக விழும். டிரில் பிட் அதில் அமராமல் நகரும். மற்றொரு குறையும் உண்டு. சில மலிவுப் பஞ்சுகளில் கூம்பின் உச்சி உடலின் நடு அச்சில் இராது. கடையிலேயே இதைச் சோதிக்கலாம். கண்ணாடி மேசையின் மேல் பஞ்சை உருட்டி முனையை மட்டும் உற்றுப் பாருங்கள். முனை ஓரிடத்தில் நின்று சுழன்றால் நன்று. மேலும் கீழும் ஆடினால் வாங்காதீர்கள்.

இரண்டாவது, மெலிந்த பின் பஞ்ச். 3 மில்லிமீட்டர் பருமனுள்ள எஃகு முழு அடியையும் தாங்க வேண்டும். பக்குவம் போதாவிடில் வளையும், மிகுந்துவிட்டால் முறியும். முறிந்த துண்டு பின்னோடு சேர்ந்து துளைக்குள் சிக்கிக்கொண்டால், பத்து நிமிட வேலை அரை நாள் வேலையாகிவிடும்.

மூன்றாவது, தலை. இதைப் பின்னர் தனியாகச் சொல்கின்றேன்.

வாங்கிய பிறகு செய்யக்கூடிய சோதனை ஒன்றையும் என் தந்தையார் சொல்லித் தந்தார். புதிய அரம் ஒன்றை எடுத்து, பஞ்சின் முனைக்கு அருகில் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். அரம் வழுக்கினால் முனை கடினம். தலையிலும் அவ்வாறே இழுத்துப் பார்க்க வேண்டும். அங்கே அரம் கடிக்க வேண்டும். முனையில் வழுக்கி, தலையில் கடித்தால் அது நல்ல பஞ்ச்.

கற்பவனுக்கு எதற்கு நல்ல கருவி?

இனி, நான் இக்கட்டுரையை எழுதக் காரணமான செய்திக்கு வருகின்றேன்.

பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடமும் இந்த வினாவைக் கேட்டேன். அவர் சொன்னார்: "பழகுகிற பையனுக்கு மலிவானதே போதும். எப்படியும் கெடுத்துவிடுவான். தொழில் கற்ற பிறகு நல்லதை வாங்கட்டும்." நம்மில் பலரும் இப்படித்தான் எண்ணுகின்றோம். முதல் மிதிவண்டி, முதல் இசைக்கருவி, முதல் வண்ணப்பெட்டி என எல்லாவற்றிலும் 'பழகத்தானே' என்று மலிவானதையே தேடுகின்றோம். இதில் ஓரளவு நியாயமும் உண்டு. காணாமல் போகும், உடையும், ஆர்வமும் பாதியில் போய்விடலாம்.

ஆயினும், இருபது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளோடு பழகிய எனக்கு அக்கருத்தில் உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்கின்றேன்.

கைதேர்ந்த பிட்டரிடம் மோசமான பஞ்சைக் கொடுங்கள். இரண்டே அடியில் 'இது சரியில்லை' என்று அறிந்துகொள்வார். முனையைத் தீட்டிக்கொள்வார், அடியைக் குறைத்துக்கொள்வார், அல்லது தூக்கி எறிந்துவிட்டு வேறு செய்துகொள்வார். கருவியின் குறையை அவருடைய அனுபவம் ஈடு செய்துவிடும். பழகுகின்ற பையனுக்கு அந்த அனுபவம் இல்லை. துளை இடம் மாறிப் போனால், பஞ்சின் முனை ஆடியதாலா, தன் கை ஆடியதாலா என்று அவனால் பிரித்தறிய முடியாது. பிரித்தறிய முடியாதபோது பெரும்பாலான பிள்ளைகள் யார் மேல் பழி போடுகின்றார்கள் தெரியுமா? தங்கள் மேல்தான்.

இந்த மாணவனை நான் அறிவேன். கணிதத் தாளைக் கையில் எடுத்ததும் "எனக்கு வராது ஐயா" என்பான். வாசிக்கச் சொன்னாலும் அதே சொல். ஆனால், வகுப்பில் மின்விசிறி ஓசை எழுப்பினால் முதலில் நிமிர்ந்து பார்ப்பவன் அவன்தான். உடைந்த பென்சில் சீவியைக் கழற்றிச் சரி செய்து தருபவனும் அவன்தான். ஆறு ஆண்டுகள் தொடக்கப்பள்ளி, மூன்று ஆண்டுகள் இடைநிலைப்பள்ளி என ஒன்பது ஆண்டுகள் 'எனக்கு வராது' என்று சொல்லிப் பழகிய ஒரு பிள்ளை, 'இது எனக்கு வரும்' என்று நம்பி முதன்முதலாக ஓரிடத்துக்குப் போகின்றான். அங்கே அவன் வைக்கும் முதற்புள்ளியே வழுக்கினால், அந்தப் பழைய சொல் மீண்டும் அவன் வாய்க்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?

'ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்' என்று ஒரு பழமொழி சொல்வோம். திறமை இல்லாதவர் கருவியைக் குறை சொல்வார் என்பது அதன் கருத்து. மேடை உண்மையிலேயே கோணலாக இருந்தால்? புதிதாக ஆட வருபவளுக்கு அது தெரியாது. 'எனக்கு ஆட வரவில்லை' என்று இறங்கிப் போய்விடுவாள். ஆகவே, பழமொழியைச் சொல்வதற்கு முன் மேடையைச் சரி பார்ப்பது பெரியவர்களின் கடமை.

நான் சொன்ன கணக்கு

அப்படியானால் 160 ரிங்கிட் தொகுதியை வாங்கச் சொன்னேனா? இல்லை. ஆறு பஞ்சுகளும் ஒரு மாணவனுக்குத் தொடக்கத்திலேயே தேவைப்படா. தொகுதியாக வாங்கினால் தேவையற்ற அளவுக்கும் பணம் கொடுக்கின்றோம். நல்ல நிறுவனங்களின் பஞ்சுகள் தனித்தனியாகவும் கிடைக்கும். இருவரும் ஒரு ஹார்ட்வேர் கடைக்குப் போய் விலை கேட்டோம். கணக்கு இப்படி வந்தது:

சென்டர் பஞ்ச் ஒன்று, 28 ரிங்கிட்.
டேப்பர் பஞ்ச் ஒன்று, 24 ரிங்கிட்.
பின் பஞ்ச் 3, 4, 5 மில்லிமீட்டர் மூன்றும், ஒன்று 18 வீதம் 54 ரிங்கிட்.
பாதுகாப்புக் கண்ணாடி, 9 ரிங்கிட்.

மொத்தம் 115 ரிங்கிட். நேர்ப்படுத்தும் பஞ்சைப் பிறகு மலிவாக வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். பழைய இரும்புக் கடையில் ஒரு பித்தளைக் கம்பித் துண்டையும் எடையில் வாங்கச் சொன்னேன். பேரிங், ஷாப்ட் போன்ற கடினமான, விலை உயர்ந்த பாகங்களை எஃகுப் பஞ்சால் அடிக்கக் கூடாது. பித்தளை மென்மையானது, தான் நசுங்கிப் பாகத்தைக் காப்பாற்றும்.

பின்னர் ஒரு விடுமுறையில் அந்த மாணவன் என்னைக் காண வந்தான். 3 மில்லிமீட்டர் பஞ்ச் முறிந்துவிட்டது என்றான். எனக்குச் சற்றே வருத்தம். காரணத்தை அவனே விளக்கினான். கியர்பெட்டித் தண்டில் துருவேறிய ஒரு பின். முதலில் டேப்பர் பஞ்சால் அசைத்திருக்க வேண்டும். அவசரத்தில் மெலிந்த பஞ்சையே நேராக வைத்து ஓங்கி அடித்துவிட்டான்.

"பஞ்ச் நல்ல பஞ்ச்தான் ஐயா. நான் வரிசையை மாற்றிவிட்டேன். இப்போது வரிசையை மறப்பதில்லை" என்றான். சொந்தப் பணத்தில் 18 ரிங்கிட் கொடுத்து அந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டானாம்.

நல்ல கருவியும் தவறாகக் கையாண்டால் முறியும். ஆனால், கருவி நல்லது என்று தெரிந்திருந்ததால் பிழை எங்கே என்று அவனால் கண்டுபிடிக்க முடிந்தது. மலிவான பஞ்ச் முறிந்திருந்தால் 'சாமான் மட்டம்' என்று போயிருப்பான்; வரிசையைக் கற்றிருக்க மாட்டான். 'எனக்கு வராது' என்று சொல்பவனுக்கும் 'வரிசையை மாற்றிவிட்டேன்' என்று சொல்பவனுக்கும் இடையில் உள்ள தொலைவை ஆசிரியர்கள் அறிவார்கள்.

கண்ணுக்கு முதலிடம்

பெற்றோர்கள் கட்டாயம் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், பல நாள் அடிபட்ட பஞ்சின் தலை காளான் குடை போல் விரியும். அதன் விளிம்பில் வெடிப்புகள் தோன்றும். அடுத்த அடியில் அந்த விளிம்பிலிருந்து ஒரு சில்லு, கண் இமைக்கும் முன் பறந்துவிடும். என் தந்தையாரோடு பணியாற்றிய ஒருவருக்கு அப்படிப் பறந்த சில்லு முன்கையில் ஏறிவிட்டது. மருத்துவமனையில் கீறித்தான் எடுத்தார்கள். கையில் ஏறியது கண்ணில் ஏறியிருந்தால்?

ஆகவே, பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லிக் கொடுங்கள்:

1. கண்ணாடி அணியாமல் பஞ்சை அடிக்கக் கூடாது. அருகில் நின்று பார்ப்பவரும் அணிய வேண்டும்.
2. தலை விரியத் தொடங்கியதும் கிரைண்டரில் தேய்த்து, விளிம்பைச் சரிவாக்கிவிட வேண்டும். முனையைத் தீட்டும்போது அடிக்கடி நீரில் நனைக்க வேண்டும். முனை நீலம் பாய்ந்தால் அதன் கடினம் போய்விட்டது என்று பொருள்.
3. பஞ்சுக்குப் பதில் திருப்புளியையோ, உடைந்த டிரில் பிட்டையோ, அரத்தையோ வைத்து அடிக்கக் கூடாது. அரமும் டிரில் பிட்டும் மிகக் கடினமானவை, அடித்தால் சிதறும்.
4. ஒரு சுத்தியலை மற்றொரு சுத்தியலால் அடிக்கக் கூடாது.

மேலே சொன்ன 115 ரிங்கிட்டில் மிகச் சிறிய தொகை அந்த 9 ரிங்கிட்தான். பணம் போதவில்லை என்றால் பஞ்சில் ஒன்றைக் குறையுங்கள். கண்ணாடியைக் குறைக்காதீர்கள்.

வகுப்பறைக்கும் இதுவே

ஆசிரிய நண்பர்களே, நம் வகுப்பறையில் பஞ்ச் இல்லை. கவராயம் இருக்கின்றது. மூட்டு தளர்ந்த மலிவான கவராயத்தில் ஒரு பிள்ளை வட்டம் வரைகின்றாள். சுற்றி வந்த கோடு தொடங்கிய இடத்தில் சேரவில்லை. அழித்துவிட்டு மீண்டும் வரைகின்றாள். மீண்டும் சேரவில்லை. 'கவனமாக வரை' என்று நாம் கண்டிக்கின்றோம். அவள் கவனமாகத்தான் வரைந்தாள். கவராயம்தான் விரிந்துகொண்டே போனது.

தாளை வெட்டாமல் மடிக்கின்ற கத்தரிக்கோலும், சீவும்போதே முறிகின்ற பென்சிலும், நிறமே பிடிக்காத வண்ணக்கோலும் இதே வேலையைத்தான் செய்கின்றன. கையெழுத்து அழகில்லை, கைவேலை சரியில்லை என்று பிள்ளையின் குறிப்பேட்டில் எழுதுவதற்கு முன், அந்தப் பிள்ளையின் கருவியை ஒரு முறை வாங்கி நாமே பயன்படுத்திப் பார்த்தால் என்ன? நம் கையிலும் அது சரிவரவில்லை என்றால், குறிப்பேட்டில் எழுத வேண்டியது வேறு.

பள்ளிக்குக் கருவிகள் வாங்கும்போதும் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டா. நாற்பது மலிவான கத்தரிக்கோலைவிட, இருவருக்கு ஒன்றாக இருபது நல்ல கத்தரிக்கோல் மேல். பகிர்ந்துகொள்ளவும் பழகுவார்கள், வெட்டவும் கற்பார்கள். பெற்றோர்களுக்கும் என் விடை அதுதான். எல்லாவற்றிலும் உயர்ந்ததை வாங்க நம்மால் இயலாது; வாங்கவும் வேண்டியதில்லை. பிள்ளையின் கையில் நேராக அடிபடுகின்ற, வெட்டுகின்ற, அளக்கின்ற கருவி எது என்று பாருங்கள். அதை மட்டும் நல்லதாக வாங்குங்கள். உறை, பெட்டி, வண்ணம் ஆகியவற்றில் மிச்சம் பிடியுங்கள்.

உங்கள் வீட்டிலும் வகுப்பிலும் இப்படி ஏதேனும் கண்டிருந்தால் எழுதுங்கள். மற்றவர்களுக்கும் பயன்படும்.